சிறுதேரும் சிறுகையும்

குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் பாடிய பாடல் ஒன்று (61) உள்ளது. தலைவனுக்காகத் தூது வந்தோரிடம் தோழி பேசுகின்றாள். தன் கருத்தை விளக்க அவள் எடுத்துக்கொண்ட உவமை, சிறுவர் இழுத்து விளையாடும் குதிரை வண்டிப் பொம்மை. தச்சர் இழைத்துக் கொடுத்த அவ்வண்டியில் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் அதனைக் கையால் பற்றி இழுப்பதிலேயே பிள்ளைகள் நிறைவெய்தி விடுகின்றனர். தலைவனோடு உடனுறையும் இன்பம் வாய்க்காவிடினும் அவன்பால் கொண்ட நட்பைப் பேணுதலே எமக்கு இன்பம் என்பது தோழி உணர்த்தும் பொருள். அகப்பொருள் நயம் ஒருபுறம் இருக்க, ஈண்டு நாம் கருதத்தக்கது அவ்வுவமையின் உள்ளே பொதிந்து கிடக்கும் உலகியலறிவு. ஊர முடியாத தேர் பிள்ளைக்கு ஏன் இனிக்கின்றது? இழுக்கும் கை அதனுடையது என்பதனால்.

இன்றைய கடைத்தெருவில் பொத்தானை அழுத்தினால் தானே ஓடி, தானே ஒலித்து, தானே விளக்கெரித்து, தானே நின்றுவிடும் வண்டிகள் கிடைக்கின்றன. அவற்றின் முன் குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவே. விளையாட்டுப் பொருளின் மதிப்பை அதன் விலையைக் கொண்டோ, அது காட்டும் வித்தையைக் கொண்டோ அளவிடுதல் கூடாது. அது குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் செவிக்கும் என்ன வேலை கொடுக்கின்றது என்பதைக் கொண்டே அளவிடுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்குத் தமிழிலக்கியமும், குழந்தை உளவியலும், நம் மார்க்க மரபும் தரும் சான்றுகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

சோறும் ஒரு விளையாட்டே

புறநானூற்று 188ஆம் பாடலைப் பாடியவன் ஓர் அரசன், பாண்டியன் அறிவுடைநம்பி. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் படைத்தவராயினும் மக்கட்பேறு இல்லாதார் வாழ்நாள் பயனற்றது என்பது அப்பாட்டின் கருத்து. மாணவர் இதனை மக்கட்பேற்றின் சிறப்பு என்ற தலைப்பின்கீழ் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். அரசன் குழந்தையைப் பார்த்த முறையை எவரும் எழுதுவதில்லை. தளர்நடையிட்டு வரும் குழந்தை உண்கலத்தில் கையை நீட்டுகின்றது, நெய்ச்சோற்றைக் கீழே போடுகின்றது, தொட்டுப் பார்க்கின்றது, வாயால் கவ்வுகின்றது, பிசைகின்றது, இறுதியில் மேனியெங்கும் பூசிக்கொள்கின்றது. ஒரு வினையை அடுத்து மற்றொரு வினையாக அடுக்கிச் செல்லும் அவ்வடிகள், குழந்தையை அருகிருந்து, பொறுமையாகப் பார்த்தவரன்றி வேறெவரும் எழுதியிருக்க இயலாதவை. வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் (64) தம் மக்களின் சிறிய கை புகுந்து கலக்கிய கூழை அமிழ்தினும் மேலாக வைக்கின்றார். இருவரும் கண்டு மகிழ்ந்தது குழந்தையின் வாயை அன்று, கையை.

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே, பிறந்தது முதல் ஏறத்தாழ இரண்டாண்டு வரையுள்ள காலத்தைப் புலனியக்கப் பருவம் என வகுத்தார். இப்பருவத்துக் குழந்தை சொல்லால் சிந்திப்பதில்லை. தொட்டும், வாயிலிட்டும், தட்டியும், எறிந்தும் சிந்திக்கின்றது. கீழே விழுந்த கரண்டியை எடுத்துக் கொடுத்தால் மீண்டும் போடுகின்றது. மீண்டும் எடுத்தால் மீண்டும் போடுகின்றது. தாய்க்குச் சினம் வருகின்றது. குழந்தையோ, விழும் பொருள் எங்கே செல்கின்றது, என்ன ஓசை எழுப்புகின்றது, கண்ணுக்கு மறைந்த பின்னும் அது இருக்கின்றதா என்ற பெரிய வினாக்களுக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றது. கையில் கிடைத்த எதையும் வாயில் வைப்பதற்கும் காரணம் உண்டு. கனடா நாட்டு நரம்பு மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு மூளையின் மேற்பரப்பில் தொடுவுணர்வுக்குரிய பகுதியை வரைந்து காட்டியபோது, உதடும் நாவும் விரல்களும் பெற்றிருந்த இடம் முதுகும் தோளும் பெற்றிருந்த இடத்தைவிட மிகப் பெரிதாக இருந்தது. குழந்தை தன்னிடமுள்ள மிகக் கூரிய கருவிகளைக் கொண்டே உலகை ஆராய்கின்றது. முதல் சில ஆண்டுகளில் மூளையின் நரம்பிணைப்புகள் மிக விரைந்து பெருகுகின்றன. பயன்படுத்தப்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை உதிர்ந்து போகின்றன என்பதும் இன்று நிறுவப்பெற்ற உண்மை.

இந்நிலையில் நம் வீடுகளில் நாள்தோறும் நிகழும் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தையின் முன் கைப்பேசி வைக்கப்படுகின்றது. அதில் வண்ணப் படங்கள் ஓடுகின்றன. கண் அதில் நிலைத்திருக்க, திறந்த வாயில் சோறு ஊட்டப்படுகின்றது. சோற்றின் வெம்மையையும் மென்மையையும் விரல் அறிவதில்லை. சுவையையும் நாக்கு அறிகின்றதா என்பது ஐயமே. தட்டு சிந்தாமல் இருக்கின்றது, உடை கறைபடாமல் இருக்கின்றது, தாய்க்கும் வேலை விரைவில் முடிகின்றது. அறிவுடைநம்பி கண்ட ஆறு வினைகளும் அங்கே இல்லை. 2019ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரைக்காட்சி அறவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதனினும் குறைவாக இருத்தல் நன்று என்றும் கூறப்பட்டுள்ளது. அன்னையரைக் குறை கூறுவது எளிது. தனிக்குடும்பத்தில், உதவிக்கு ஆளின்றி, ஒரு கையில் அடுப்பையும் மறு கையில் பிள்ளையையும் பார்ப்பவரின் இடர் பெரிது. ஆயினும் ஒரு வேளையாவது ஒரு பிடி சோற்றைத் தரையில் விரித்த துணியில் வைத்துக் குழந்தையின் கைக்கே விட்டுவிடுவது எவர்க்கும் இயலும்.

பிள்ளைத்தமிழ் வகுத்த வரிசை

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கி அதனையே இலக்கியத்தின் அமைப்பாக ஆக்கிக்கொண்டது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொதுவானவை. இறுதி மூன்றும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் எனவும் பெரும்பான்மையும் அமையும். ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய திங்களைப் பாட்டியல் நூல்கள் குறித்துள்ளன; நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. இஸ்லாமியப் புலவர்களும் இவ்விலக்கிய வகையை விரும்பி ஏற்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், முஹ்யித்தீன் ஆண்டகை மீதும், நாகூர் ஆண்டகை மீதும், அன்னை ஃபாத்திமா (ரலி) மீதும் பிள்ளைத்தமிழ் நூல்கள் எழுந்தன. காப்புப் பருவத்தில் அல்லாஹ்வின் காவலை வேண்டிப் பாடிய இவர்கள், ஏனைய பருவங்களின் குழந்தைமை இயல்பை அவ்வாறே போற்றிக்கொண்டனர்.

பருவங்களின் பெயரை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல் அவற்றின் உடலசைவை நோக்குவோமாயின் வியப்பே மிஞ்சும். ஐந்தாம் திங்களுக்குரியது செங்கீரை. ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் நிலை அது. மேலே குறித்த 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளையில் நாள்தோறும் மொத்தம் அரைமணி நேரமாவது குப்புறப் படுக்கவிட வேண்டும் என்கின்றது. கழுத்தும் தோளும் முதுகும் உரம் பெறுவது அந்நிலையில்தான். தொட்டிலிலும் சாய்வு நாற்காலியிலுமே கிடத்தப்படும் குழந்தை செங்கீரை ஆடுவதற்கு இடமேது?

ஒன்பதாம் திங்களுக்குரிய சப்பாணி, இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல். எளிய செயலாகத் தோன்றும். ஆனால் வலக்கை ஒருபுறமும் இடக்கை ஒருபுறமும் தனித்தனியே இயங்கி வந்த குழந்தை, உடலின் நடுவில் இரண்டையும் கொணர்ந்து ஒரே நேரத்தில் சந்திக்கச் செய்வது பெரிய வெற்றி. பிற்காலத்தில் ஒரு கையால் தாளைப் பற்றி மறு கையால் எழுதுவதற்கும், பொத்தானை மாட்டுவதற்கும் இதுவே தொடக்கம். தால் பருவத்தில் செவிக்கு விருந்து. தாயின் நா அசைந்து எழுப்பும் தாலாட்டில் மொழியின் ஓசை வடிவம், பொருள் அறியும் முன்னரே, உள்ளே பதிகின்றது. அம்புலிப் பருவத்தில் தாய் சுட்டும் விரலைப் பார்த்த குழந்தை, விரலிலிருந்து விலகி, விரல் காட்டும் நிலவை நோக்கக் கற்றுக்கொள்கின்றது. ஒருவர் நோக்கும் பொருளை மற்றவரும் நோக்கும் இவ்வுடன்நோக்கே சொற்களைக் கற்பதற்கு அடித்தளம் என்று உளவியலார் கூறுவர். நிலவை அழைத்துப் பாடிய புலவர் இக்கலைச்சொல்லை அறியார், குழந்தையை அறிந்திருந்தார்.

வருகைப் பருவம் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். நம் முன்னோர் குழந்தை நடை பழகக் கொடுத்தது மூன்று சக்கர நடைவண்டி. குழந்தை தானே எழுந்து, கட்டையைப் பற்றி நின்று, தன் எடையைத் தன் காலில் தாங்கி, வண்டியைத் தள்ளிச் செல்லும். விழுந்தால் மீண்டும் எழும். இன்று வளையத்தின் நடுவே இருக்கை வைத்துக் குழந்தையை உள்ளே அமர்த்திவிடும் சக்கர வண்டிகள் பெருகியுள்ளன. அதில் உள்ள குழந்தை தன் காலைக் காண்பதில்லை. சமநிலை காக்கவும் தேவையில்லை. நுனிக்காலால் உந்தினால் போதும். நடை விரைவில் வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. படிக்கட்டுகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகள் மிகப்பலர் ஆனமையால், கனடா அரசு 2004ஆம் ஆண்டு இவற்றின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது. பழைய நடைவண்டியும் புதிய வளையவண்டியும் பெயரளவில் ஒன்றேயாயினும், ஒன்று குழந்தையை உழைக்க வைக்கின்றது, மற்றொன்று சுமக்கின்றது.

சிறுபறையும் சிறுதேரும் சங்க காலம் முதல் வருபவை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேருக்குப் பொற்குழை ஒன்று தடையாகக் கிடக்கின்றது. உலர்த்திய தானியத்தைக் கவர வந்த கோழியை ஓட்ட மகளிர் கழற்றி எறிந்த காதணி அது. ஊரின் செல்வ வளத்தைக் காட்ட எழுந்த அடிகள் என்பர் உரையாளர். சிறுவனின் நிலையில் நின்று பார்த்தால், தங்கமாயினும் சரி, தேரோட்டத்துக்கு அது ஓர் இடையூறுதான்! அதே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில், சிறுதேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியரிடம் பால் உண்டு உறங்குவதைக் காட்டுகின்றார். உழைத்துக் களைத்துப் பசித்து உறங்குதல் என்னும் இவ்வொழுங்கு எவரும் அதட்டாமலே அமைந்துவிடுகின்றது.

வீட்டில் இருந்த கருவிகள்

நம் இல்லங்களில் இருந்த விளையாட்டுப் பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பனையோலையில் முடைந்து உள்ளே சிறுகற்களை இட்ட கிலுகிலுப்பை, குழந்தை தானே ஆட்டினாலன்றி ஒலிக்காது. ஆட்டினேன், ஒலித்தது, நிறுத்தினேன், ஓய்ந்தது. காரண காரியத் தொடர்பைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த முதற்பாடம் இல்லை. மரப்பாச்சியைச் செம்மரத்தில் கடைந்தனர்; வாயில் வைத்துச் சப்பினாலும் தீங்கில்லை என்பது முதியோர் கணக்கு. கனமும் குளிர்ச்சியும் உடைய அதன் திண்மையை, உள்ளீடற்ற நெகிழிப் பொம்மை தர இயலாது. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் அரக்கு வண்ணம் பூசிப் பளபளப்பவை. சிறு அடுப்பும் பானையும் குடமும் அம்மியும் அடங்கியவை. கன்னடநாட்டுச் சன்னபட்டணத்துப் பொம்மைகள் வெட்பாலை மரத்தில் கடையப்பட்டு, அரக்கேற்றி, தாழை மடலால் தேய்த்து மெருகூட்டப்படுபவை. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வருவித்து அவ்வூரில் இத்தொழிலை ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. போர்க்களத்து ஏவுகணைகளுக்காகவே நினைக்கப்படும் அம்மன்னரின் பெயர், குழந்தைகளின் கிலுகிலுப்பையோடும் சேர்ந்து வாழ்வது மகிழ்ச்சிக்குரியது.

ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் கழங்கு என்றால் என்ன என்று வினவுவதுண்டு. விடை பெரும்பாலும் மௌனமே. தட்டாங்கல் என்று விளக்கினால் ஓரிருவர் முகம் மலரும். தம் பாட்டியார் ஆடியதாகச் சொல்வர். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையில் உள்ளவற்றை வாரி, விழும் கல்லையும் பிடிக்கும் அவ்வாட்டத்தில் கண்ணும் கையும் காலக்கணிப்பும் ஒன்றுபட்டாக வேண்டும். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையோ சோழியோ ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் விரல்கள், எண்ணும் தொழிலையும் எழுதும் தொழிலுக்கான பயிற்சியையும் ஒருங்கே செய்கின்றன. ஏறத்தாழ ஒன்பது, பத்துத் திங்களில்தான் குழந்தை கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடச் சிறு பொருளை எடுக்கக் கற்கின்றது. அப்பிடி நாளடைவில் உரம் பெற்றே எழுதுகோலைத் தாங்கும். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எழுதுகோலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வோர், வேர் இறங்கும் முன்னர்க் கனி பறிக்க முயல்வோரே.

மேலைநாட்டுக் கல்வியாளர் இவ்வுண்மையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தனர். ஜெர்மனி நாட்டு ஃப்ரோபெல் 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தம் பள்ளியைத் தொடங்கி, 1840இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் குழந்தைக்கு அளித்த முதல் பரிசு, நூலில் கட்டிய ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். கடினம், மென்மை, கனம், வடிவம், ஓசை என ஒவ்வொரு புலனுக்கும் தனித்தனிக் கருவி அமைத்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அறியச் செய்தார். 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், உலகப் போரின் காரணமாக இந்நாட்டிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது.

உப்புத்தாள் எழுத்து நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரைவித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, பின்னர் இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். நாம் கொடுத்ததை நாமே மறந்து, மேல்நாட்டுப் பெயரோடு திரும்பி வரும்போது கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்கின்றோம்.

கம்பளிப் பொம்மையும் சிறகுக் குதிரையும்

விளையாட்டு வீண் என்றும், பொம்மை மார்க்கத்துக்குப் புறம்பானது என்றும் கருதும் பெரியோர் நம்மிடையே உண்டு. உருவங்களைப் பற்றிய சட்ட நுணுக்கம் ஆலிம்கள் உரைக்கத்தக்கது; அதனுள் புகும் தகுதி தமிழாசிரியனுக்கு இல்லை. எனினும் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு மார்க்க அறிஞர் பலர் விலக்களித்துள்ளனர் என்பதும், அதற்கு அவர்கள் ஆதாரமாகக் கொண்டவை நபிமொழித் தொகுப்புகளில் உள்ள செய்திகளே என்பதும் பலரும் அறிந்தவை.

அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு மிக நெருங்கியவை. ஆஷூரா நாளில் நோன்பு நோற்ற மதீனத்து அன்னையர், தம் சிறு பிள்ளைகளையும் நோன்பு நோற்கப் பழக்கினர். பிள்ளை உணவு கேட்டு அழுதால், கம்பளியால் செய்து வைத்திருந்த விளையாட்டுப் பொருளை அதன் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை ஆற்றி வைத்தனர். இதனை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவித்ததாகப் புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் காண்கின்றோம். அழும் குழந்தையை அடிக்கவில்லை, அதட்டவில்லை. மென்மையான கம்பளியை உருட்டிக் கையில் கொடுத்தனர். ஃப்ரோபெலின் கம்பளிப் பந்துக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. அன்று அன்னையர் கம்பளி கொடுத்த இடத்தில் இன்று நாம் கைப்பேசியைக் கொடுக்கின்றோம். இரண்டும் அழுகையை நிறுத்துகின்றன என்பது உண்மையே. ஆனால் கம்பளியைப் பிசைந்து, இழுத்து, முகத்தில் வைத்து அழுத்தித் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளக் குழந்தை கற்றது. திரையின் முன்போ அது தன் துயரை மறக்கடிக்கப்படுகின்றது.

மற்றொன்று அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் காற்று திரையை விலக்க, உள்ளே இருந்த பொம்மைகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பார்வையில் பட்டன. அவற்றின் நடுவே ஒரு குதிரை; அதற்குத் துணித்துண்டுகளால் இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என வியந்து வினவினார்கள் நபிகளார். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று மறுமொழி வந்தது. நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். படிக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விக்கும் நிகழ்ச்சி. கேட்ட கதையைக் கந்தல் துணியாக்கி, அக்கந்தலைச் சிறகாக்கிக் குதிரையின் முதுகில் ஒட்டிய கற்பனைக்குக் கிடைத்த வரவேற்பு அச்சிரிப்பு.

குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாகக் கொள்ளும்போது பொருளிலிருந்து அதன் கருத்தைப் பிரித்தெடுக்கக் கற்கின்றது என்றார் உருசிய நாட்டு உளவியலறிஞர் வைகாட்ஸ்கி. ஒன்றை மற்றொன்றின் குறியாகக் கொள்ளும் இவ்வாற்றலே எழுத்துக்கும் எண்ணுக்கும் அடிப்படை. வளைகோடு ஒன்று ‘அ’ என்னும் ஒலியைக் குறிக்கும் என்று ஏற்பதற்கு முன், குச்சி குதிரையைக் குறிக்கும் என்று ஏற்றிருக்க வேண்டும். சிற்றில் இழைத்த சங்கச் சிறுமியர் மணலைச் சோறாக்கினர். வண்டலிலும் பஞ்சாய்க் கோரையிலும் பாவை செய்தனர். நற்றிணை 172ஆம் பாடலில், தோழியரோடு விளையாடுகையில் மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை முளைத்தெழுகின்றது. நெய்யும் பாலும் ஊற்றி அதனை வளர்க்கின்றனர். இது உன்னினும் சிறந்த உடன்பிறப்பு என்று அன்னை சொல்லி வைக்கின்றாள். வளர்ந்த பின், அம்மர நிழலில் தலைவனோடு நகையாடவும் தலைவி நாணுகின்றாள். மணல் விளையாட்டில் தொடங்கியது உறவுணர்வாக முதிர்ந்த வரலாறு இது. கணினித் திரையில் விதை ஊன்றினால் மரம் நொடியில் எழும். அதற்கு நாணுவார் யார்?

நம் பள்ளிகளும் மக்தபுகளும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் நூலில், பிள்ளை பாடசாலையிலிருந்து திரும்பிய பின் களைப்புத் தீர நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் கல்வியையே சுமத்தினால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, வாழ்வே கசந்து, கல்வியிலிருந்து தப்பும் சூழ்ச்சியையே பிள்ளை தேடும் என்றும் உரைத்துள்ளார்கள். 1111ஆம் ஆண்டு மறைந்த பேரறிஞரின் சொல் இது. குழந்தைக்கு விளையாட உரிமை உண்டு என 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவில் எழுதியதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது.

இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியோருள் பலர் மழலையர் பள்ளிகளையும் மக்தபுகளையும் நிருவகிப்பவர். அவர்கள் முன் இதனை வைக்க விரும்புகின்றேன். காலையில் மக்தப், பின்னர் ஆங்கிலவழிப் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் வீட்டுப்பாடம் என்று நான்கு வயதுப் பிள்ளையின் நாள் நிரம்பிவிட்டால், கஸ்ஸாலி அவர்கள் கேட்ட நேரம் எங்கே? இதற்குப் பெற்றோரின் வற்புறுத்தலே காரணம் என நிருவாகத்தினர் கூறுவர். அது மெய்யே. பிள்ளை எழுதிய ஏடு கண்ணுக்குத் தெரிகின்றது. விளையாடிப் பெற்ற வளர்ச்சி தெரிவதில்லை. ஆதலின் பெற்றோர் கூட்டத்தில் இதனை எடுத்துரைக்கும் கடமையும் நிருவாகத்தினுடையதே. தமிழக அரசு, செயல்வழிக் கற்றலை 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரப்பியது; 2022ஆம் ஆண்டு எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைப் பிள்ளை அரசுப் பள்ளியில் பாடி ஆடிக் கற்க, கட்டணம் செலுத்தும் பிள்ளை கைகட்டி அமர்ந்து கற்கும் விந்தையை என்னென்பது!

வீடுகளிலும் ஒரு விந்தை உண்டு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர், பிரிந்திருக்கும் ஏக்கத்தையெல்லாம் சேர்த்து, விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கி வருகின்றனர். அவை உடைந்துவிடும் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்படுகின்றன. விருந்தினர் கண்டு வியக்கின்றனர். குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கின்றது. விடுமுறையில் வந்திருக்கும் தந்தை, ஈந்துக்கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, மகளோடு தரையில் அமர்ந்து பல்லாங்குழி ஆடிய ஒரு மாலைப்பொழுது, அலமாரி முழுவதற்கும் ஈடாகும்.

பள்ளியில் செய்வதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு மூலையில் மணற்குழி, நீர் மொண்டு ஊற்ற வெவ்வேறு அளவுள்ள தகரக் குவளைகள், களிமண், புளியங்கொட்டையும் சோழியும் கழற்சிக்காயும், தச்சரிடம் எஞ்சும் மரத்துண்டுகளை உப்புத்தாளால் வழுவழுப்பாகத் தேய்த்தவை, சாக்கு, பட்டு, பருத்தி, கம்பளி எனப் பல துணித்துண்டுகள் இட்ட பை. கண்ணைக் கட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டு, எது எதுவெனச் சொல்லச் செய்தால் சொரசொரப்பு, வழுவழுப்பு, மொறமொறப்பு, பிசுபிசுப்பு என்னும் தமிழ்ச் சொற்களும் உடன் வரும். விரல் அறியாத சொல் நாவில் நிலைப்பதில்லை. பார்வைக் குறைபாடோ, பேச்சுத் தாமதமோ உள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய பொருள்கள் இன்னும் இன்றியமையாதவை. மாண்டிசோரி அம்மையாரின் கருவிகளே மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு அவர் பணியாற்றிய காலத்தில் உருப்பெறத் தொடங்கியவை.

எச்சரிக்கைகளும் சில உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் புளியங்கொட்டை, கோலி முதலிய சிறு பொருள்களைத் தனியே விடலாகாது, தொண்டையில் சிக்கும். பொத்தான் அளவுள்ள மின்கலம் விழுங்கப்பட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மலிவான வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். 2021ஆம் ஆண்டு சனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளமையால், அம்முத்திரையைப் பார்த்து வாங்குதல் நன்று.

நம் துறை மாணவர்க்கு ஒரு பணி உண்டு. தட்டாங்கல்லுக்கும் பல்லாங்குழிக்கும் சிற்றில் விளையாட்டுக்கும் ஊருக்கு ஊர் வேறு பெயர்களும், ஆட்டத்தின் இடையே பாடும் வேறு பாடல்களும் வழங்குகின்றன. அவற்றை அறிந்த பாட்டியர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். விடுமுறையில் ஊர் செல்வோர், அவரவர் பாட்டியிடம் அமர்ந்து, ஆட்டத்தின் பெயர், காய்களின் பெயர், ஆடும் முறை, பாடல், தோற்றவருக்குரிய தண்டனை ஆகியவற்றை எழுதி வரலாம். எழுதுவதோடு, ஒரு முறை உடன் ஆடியும் வருதல் வேண்டும். கை அறிந்த பின்னரே சில நுணுக்கங்கள் விளங்கும்.

மணற்குழி அமைக்கும் பள்ளிகள், மணலைச் சலித்து இடுதல் வேண்டும். இரவில் பலகையாலோ தார்ப்பாயாலோ மூடி வைத்தலும் இன்றியமையாதது. இல்லையேல் தெருப் பூனைகள் அதனைத் தமக்கென அமைத்ததாகவே கருதிக்கொள்ளும்.